8 பிள்ளைகள், ஒரு வகுப்பு, ஒரு ஆயாம்மா: ஆட்டிசம் மற்றும் அறிவுசார் குறைபாடு வகுப்பை ஜூனில் எப்படித் தொடங்குவது?

வேளச்சேரி வகுப்பறை:

வணக்கம். சிறப்புப் பள்ளியில் ஜூனில் புது வகுப்பு தொடங்குகிறது. 8 பிள்ளைகள், வயது 8 முதல் 12. அதில் 5 பேருக்கு ஆட்டிசம், அந்த 5 பேரில் 2 பேருக்குப் பேச்சு இல்லை. மற்ற 3 பேருக்கு அறிவுசார் குறைபாடு. ஒருவர் வலிப்புக்கு மாத்திரை எடுக்கிறார். துணைக்கு ஓர் ஆயாம்மா. அறை 15க்கு 20 அடி. ஜூலை இரண்டாம் வாரத்துக்குள் எல்லாருக்கும் ஐ.இ.பி. (தனிநபர் கல்வித் திட்டம்) கொடுக்கணும்.

என் கேள்விகள்: எந்த செக்லிஸ்ட் எடுப்பது? ஒரு பிள்ளைக்கு எத்தனை இலக்கு? அறையை எப்படிப் பிரிப்பது? வேலையை எடுத்து வைத்ததுமே கையைக் கடித்துக்கொள்ளும் ஒரு பையனை என்ன செய்வது?

அடையாறு சிறப்பாசிரியர்:

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஃபைலில் ஐ.எஸ்.ஏ.ஏ. மதிப்பெண் இருக்கும், அது ஆட்டிசத்தின் அளவைச் சொல்லும் இந்திய அளவுகோல். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. மொத்தம் 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது. சான்றிதழுக்கு அது வேண்டும். பாடத் திட்டத்துக்கு அதனால் பயன் இல்லை. 120 வாங்கிய பிள்ளை சட்டையைக் கழற்றுமா கழற்றாதா என்று அந்த எண் சொல்லாது.

பாடத்துக்கு எம்.டி.பி.எஸ். அல்லது எஃப்.ஏ.சி.பி. எடுங்கள், இரண்டும் பிள்ளைக்கு என்னென்ன செய்ய வரும் என்று பார்க்கும் செக்லிஸ்ட். எம்.டி.பி.எஸ். நம் சென்னையில் உருவானது, பெயரிலேயே மெட்ராஸ் இருக்கிறது. 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 திறன்கள், ஆக 360. எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும். செய்தால் ஏ, செய்யாவிட்டால் பி. எஃப்.ஏ.சி.பி.யில் வகுப்பு நிலை உண்டு. ஒரு நிலையில் 80 சதவீதம் எட்டினால் அடுத்த நிலை. பள்ளியில் ஏற்கெனவே எது புழக்கத்தில் இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். வருடா வருடம் மாற்றினால் போன வருடத்தோடு ஒப்பிட வழி இருக்காது.

இதில் தவறு எங்கே நடக்கிறதென்றால், அம்மாவை எதிரில் உட்காரவைத்து 360 கேள்வியையும் கேட்டு ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறோம். "செய்வான்" என்று அம்மா சொல்வதில் அவர் நீட்டும் கையும் சேர்ந்திருக்கும். பிள்ளை கையில் பொருளைக் கொடுத்துப் பாருங்கள். ஒரே திறனை மூன்று வெவ்வேறு நாளில் பாருங்கள். பழகாத பொருள் என்பதாலும் "பி" விழும்: வீட்டில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் குடிக்கிறவன் பள்ளியில் மூடி போட்ட பாட்டிலில் தடுமாறுவான். அது குடிக்கும் திறன் இல்லை என்று பொருள் அல்ல.

எல்லாப் பிரிவையும் முதல் மாதமே முடிக்க முயலாதீர்கள். சாப்பாடு, கழிப்பறை, உடை, சொல்வதைப் புரிந்துகொள்வது, வெளிப்படுத்துவது. இந்த ஐந்தும் முதல் இரண்டு வாரம். எழுத்து, எண், நேரம், பணம் பிறகு.

இலக்கு: ஒரு பருவத்துக்கு 3 முதல் 5. அதற்கு மேல் எழுதினால் அவை காகிதத்தில்தான் இருக்கும். 8 பிள்ளைக்கு 5 என்றால் 40 இலக்கு. இரண்டு பேர் அதைத் தினமும் தொட்டுக் குறித்து வைப்பதே பெரிய வேலை.

எழுதும் விதம் பற்றி: "நிறங்களை அறிவான்" என்பது இலக்கு அல்ல. எந்தச் சூழலில், என்ன செய்வான், எவ்வளவு சரியாக என்ற மூன்றும் வேண்டும். "சிவப்பு, மஞ்சள் தட்டுகள் இரண்டு எதிரில் இருக்க, 'சிவப்பு எடு' என்றால், கை காட்டாமலே, 10-ல் 8 முறை எடுப்பான், தொடர்ந்து 3 நாள், டீச்சரிடமும் ஆயாம்மாவிடமும்." இப்படி எழுதினால் வேறு யார் வந்தாலும் அதே சோதனையைச் செய்யலாம்.

இன்னொன்று. எல்லாவற்றுக்கும் 80 சதவீதம் என்று போடும் பழக்கத்தை விடுங்கள். சாலை கடப்பதில் 80 சதவீதம் என்றால் பத்தில் இரண்டு முறை வண்டிக்கு முன்னால் போய் நிற்கிறான் என்று பொருள். சாலை, அடுப்பு, மாத்திரை, தெரியாதவரோடு போகாமை: இவற்றுக்கு 100 சதவீதம், அதுவும் நடக்கிற இடத்திலேயே.

ஓ.டி. தாம்பரம்:

ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக அறை பற்றிச் சொல்கிறேன். 15க்கு 20 அடி 8 பிள்ளைகளுக்குப் போதும், நடுவில் பெரிய மேசை போடாவிட்டால். மேசையைச் சுற்றி 8 பேரை உட்காரவைப்பதுதான் பல வகுப்புகளில் முதல் கோளாறு. ஒருவர் கத்தினால் எல்லாரும் கத்துவார்கள்.

சுவர் பார்த்த தனி மேசை இரண்டு, டீச்சரோடு உட்காரும் சிறு மேசை ஒன்று, பாய் விரித்த குழு இடம், அமைதி மூலை. எல்லைக்குத் தரையில் நிற டேப் ஒட்டுங்கள். சாலை பார்த்த ஜன்னல் பக்கம் தனி மேசை வேண்டாம். வேளச்சேரியில் ஹாரன் சத்தம் நாள் முழுக்க இருக்கும். மினுக்கும் ட்யூப்லைட்டையும் கிறீச்சிடும் ஃபேனையும் முதல் வாரமே சரிசெய்யச் சொல்லுங்கள். நமக்குக் காதில் விழாத சத்தம் சில பிள்ளைகளுக்குத் தாங்காது.

நாற்காலியைக் கவனியுங்கள். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், முட்டி செங்கோணத்தில் மடிய வேண்டும். கால் தொங்கினால் உடம்பைப் பிடித்து வைக்கவே சக்தி போகும், கைக்கு மிச்சம் இருக்காது. புது நாற்காலி வாங்கப் பணமில்லையென்றால் ப்ளைவுட் பெட்டி அல்லது பழைய டெலிபோன் டைரக்டரிகளைக் கட்டி டேப் சுற்றிக் காலடியில் வையுங்கள்.

அமைதி மூலை தண்டனைக்கு அல்ல. "போய் அங்கே உட்கார்" என்று ஒரு தடவை கோபமாகச் சொன்னால் அந்த மூலை கெட்டுவிடும், பிறகு பிள்ளை தானாக அங்கே போகாது. எடை வைத்த ஜாக்கெட்டை நம்பிப் பணம் போடாதீர்கள், அதற்கான ஆதாரம் பலவீனம். காது மூடும் ஹெட்ஃபோன் நல்லதுதான், ஆனால் நாள் முழுக்க அல்ல. ஆண்டு விழா மைக், தீபாவளி நேரம், சமையலறைப் பக்கம் குக்கர் விசில் என்று இடம் பார்த்து.

அடையாறு சிறப்பாசிரியர்:

அறையோடு சேர்த்து நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். 3 பேர் உங்களோடு, 3 பேர் ஆயாம்மாவோடு கை கழுவுதல், டிபன் பாக்ஸ் திறத்தல் போன்ற வேலை, 2 பேர் தனி மேசையில். 15 நிமிடத்துக்கு ஒரு மாற்று. காலைக் குழு நேரம் 10 நிமிடம் போதும். 40 நிமிடம் பாட்டும் பிரார்த்தனையும் என்று இழுத்தால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் 12வது நிமிடமே எழுந்துவிடுவார்கள், பிறகு நாள் முழுக்கத் துரத்தும் வேலைதான்.

தனி மேசையில் உட்காரும் பிள்ளைக்கு நான்கு கேள்விக்குப் பதில் கண்ணால் தெரிய வேண்டும்: என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், அடுத்து என்ன. ஆட்டிசப் பிள்ளைகளுக்கான டீச் (TEACCH) என்ற கற்பித்தல் முறையின் அடிப்படை இது. இடப்பக்கம் மூன்று கூடை, வலப்பக்கம் "முடிந்தது" பெட்டி, மேலே அடுத்த நடவடிக்கையின் படம். மூன்று கூடை காலியானால் வேலை முடிந்தது. முடித்த பிள்ளையிடம் "நல்லாப் பண்ணினே, இன்னும் ஒண்ணு மட்டும்" என்று நான்காவது கூடையை வைக்காதீர்கள். அந்த ஒரு கூடையில் ஒரு மாத நம்பிக்கை போய்விடும். தனி மேசையில் புது வேலை வைக்கவும் கூடாது. உங்களோடு உட்கார்ந்து கற்று முடித்ததுதான் அங்கே போகணும்.

அட்டவணைப் படங்கள்: முதலில் பொருள், பிறகு போட்டோ, பிறகு கோட்டுப்படம், கடைசியில் எழுத்து. எல்லாருக்கும் ஒரே வகை வேண்டாம். போட்டோ எடுக்கும்போது வெறும் தட்டை எடுங்கள். மேசை, ஜன்னல், பின்னால் நிற்கும் ஆயாம்மா எல்லாம் சேர்ந்தால் பிள்ளை எதைப் பார்க்கிறது என்று தெரியாது. 5 செ.மீ. சதுரம், லேமினேஷன், மூலையை வட்டமாக வெட்டணும். நம் ஊர் வெக்கையில் வெல்க்ரோவின் பசை வழுக்கிக்கொண்டு வரும். அதனால் பலகைக்கு ரெக்ஸின் எடுத்து, தையல் கடையில் விற்கும் பசையில்லாத வெல்க்ரோவைத் தைத்துவிடுங்கள். ஸ்டேப்பிள் அடிக்க வேண்டாம், வாயில் வைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெல்க்ரோவின் சொரசொரப்புப் பக்கம் பலகையில் என்றால் பள்ளி முழுக்கப் பலகையில்தான். இல்லாவிட்டால் பக்கத்து வகுப்பு அட்டை இங்கே ஒட்டாது.

பேச்சுப் பயிற்சி, அண்ணா நகர்:

பேச்சில்லாத இரண்டு பேருக்கு மற்ற எதையும்விட இது முதலில். "அட்டை கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும்" என்று வீட்டில் கேட்பார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. படம், பேசும் கருவி கொடுத்ததால் பேச்சு குறைந்ததாக இல்லை, சிலருக்குக் கூடியிருக்கிறது.

பெக்ஸ் (PECS), அதாவது பட அட்டையைக் கொடுத்து வேண்டியதைக் கேட்கும் முறை, செய்வதாக இருந்தால் முதல் கட்டத்துக்கு இரண்டு பெரியவர்கள் கட்டாயம். ஒருவர் எதிரில் பொருளோடு, ஒருவர் பின்னால் கையைப் பிடித்து அட்டையை எடுத்துக் கொடுக்க. பின்னால் இருப்பவர் பேசவே கூடாது. எதிரில் இருப்பவரும் "என்ன வேணும்?" என்று கேட்கக் கூடாது, கேட்டால், கேட்டபின்தான் கொடுக்கணும் என்று பிள்ளை பழகிவிடும். பொருளைக் காட்டி, கையை விரித்துக் காத்திருங்கள். அட்டை கைக்கு வந்த அரை நொடியில் பொருளும் சொல்லும் சேர்ந்து போகணும்: "முறுக்கு!". இரண்டாம் கட்டம் தூரம்: அட்டையும் நீங்களும் தள்ளிப் போவது. மூன்றில்தான் இரண்டு படத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. நான்கில் "எனக்கு முறுக்கு வேணும்" என்ற வாக்கியப் பட்டை. பலரும் முதல் நாளே பத்துப் படத்தை விரித்துவைத்து "காட்டு" என்கிறார்கள். அது பெக்ஸ் அல்ல, சோதனை.

அட்டையில் "வேண்டும்" என்று அச்சிடாதீர்கள். வீட்டில் "வேணும்" என்கிறார்கள், அதையே எழுதுங்கள். சென்னையில் பல வீட்டில் தெலுங்கும் உருதும் உண்டு. "தமிழ் மட்டும் பேசுங்கள்" என்று பெற்றோருக்குச் சொல்லாதீர்கள். பாட்டி பேசுவது தெலுங்கு என்றால் பாட்டியோடு பேச அந்தப் பிள்ளைக்குத் தெலுங்குதான் வேண்டும்.

தின்பண்ட அட்டை மட்டும் வைத்தால் பேச்சு தின்பண்டத்தோடு நின்றுவிடும். "வேணாம்", "போதும்", "உதவி", "வலிக்குது", "பாத்ரூம்" ஐந்தும் முதல் பருவத்திலேயே வரணும். கருவிக்குப் போகும் நிலை வந்தால் சென்னையிலேயே உருவான அவாஸ் செயலியில் தமிழ் உண்டு. ஆனால் டேப்லெட் சார்ஜ் இல்லாத நாளைக்குக் காகித அட்டை பையில் இருக்கட்டும்.

பெரம்பூர் அம்மா:

எல்லாரும் நல்லா சொல்றீங்க. ஒரு கேள்வி மட்டும். அட்டை, கூடை, டிபன் பாக்ஸ் எல்லாம் சரி. எழுதப் படிக்க எப்போ? 10 வயசுப் பிள்ளைக்கு "இன்னும் ரெடி ஆகலை"ன்னு சொல்லிச் சொல்லியே 14 ஆகிடுது. படிப்பு வராதுன்னு நீங்களே முடிவு பண்ணிடறீங்களோன்னு பயமா இருக்கு.

அடையாறு சிறப்பாசிரியர்:

உங்கள் பயம் நியாயம், அம்மா. "ரெடி ஆகட்டும்" என்று காத்திருப்பது தவறுதான். பேனா பிடிக்க வராததால் படிப்பே வராது என்று நினைத்துவிடுகிறோம். எழுதுவது கை வேலை, படிப்பது கண்ணும் காதும் செய்யும் வேலை. இரண்டையும் பிரித்தாலே பாதித் தடை விலகும்.

தமிழுக்கு ஒரு வரிசை வேண்டும், அது அ ஆ இ ஈ வரிசை அல்ல. 247 எழுத்து என்று பயமுறுத்த வேண்டியதில்லை. முதலில் ப, ட, ம, ர, அவற்றின் புள்ளி வைத்த வடிவம். உடனே "படம்", "மரம்" படிக்கலாம். இரண்டாம் வாரமே ஒரு முழுச் சொல் கிடைக்கிறது. அடுத்துத் துணைக்கால். அது எழுத்துக்குப் பின்னால் தனியாக நிற்கும், ஒலியும் பின்னால் வரும், ஆகவே எளிது. ஆனால் துணைக்காலும் "ர"வும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். "பாரம்" என்பதில் பிள்ளை தடுமாறும். முதல் மாதம் துணைக்காலை மட்டும் வேறு நிறத்தில் அச்சிட்டு, பிறகு நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பாக்குங்கள்.

கொம்பும் ஐகாரமும் கடைசி. "கெ", "கே", "கை" மூன்றிலும் குறி முன்னால் வருகிறது, ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலம் ஒவ்வொன்றாகப் படித்துப் பழகிய பிள்ளைக்கு இது திடீரென்று தலைகீழ். "கொ", "கோ"வில் இரண்டு பக்கமும். உகரம் இன்னொரு சிக்கல்: கு, து, பு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். ஒரே விதி சொல்லிக்கொடுக்க முடியாது. ஒவ்வொன்றையும் தனி எழுத்தாகவே கற்பியுங்கள், அவசரப்படாமல்.

படி மூன்று: பொருத்துவது, சொன்னதை எடுப்பது, பார்த்துச் சொல்வது. பேச்சில்லாத பிள்ளைக்கு முதல் இரண்டு படியோடு வாசிப்பு முழுதாகிவிடும். "மரம்" என்ற சொல்லை மரத்தின் படத்தோடு வைத்தால் அவன் படித்துவிட்டான். வாய் திறக்கவில்லை என்பதற்காகத் தேர்ச்சி மறுக்காதீர்கள்.

கூடவே முழுச் சொல்லாகப் பார்த்தே தெரிய வேண்டியவை: தன் பெயர், "ஆண்கள்", "பெண்கள்", "அபாயம்", "நில்", வீட்டுப் பக்கம் வரும் பஸ்ஸின் எண். இவை எழுத்து வரிசைக்குக் காத்திருக்க வேண்டாம்.

நடத்தைப் பயிற்சி, மடிப்பாக்கம்:

கை கடிப்பது. வேலை வைத்ததும் என்கிறீர்கள், அதனால் "தப்பிக்கத்தான்" என்று தோன்றும். முடிவுக்கு வருமுன் உடம்பைப் பாருங்கள். சொத்தைப் பல், காது வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை, மாத்திரை மாறியது. புதிதாகத் தொடங்கிய அல்லது திடீரென்று கூடிய கடிக்கு முதலில் பல் மருத்துவரும் குழந்தை மருத்துவரும். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை கையைத்தான் கடிக்கும்.

பிறகு ஏ.பி.சி. தாள். முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், உடனே அவனுக்கு என்ன கிடைத்தது. 10 முதல் 15 நிகழ்வு எழுதினால் வடிவம் தெரியும். "கோபத்தில் கடித்தான்" என்று எழுதாதீர்கள், கோபம் உங்கள் கணிப்பு. "எழுதும் தாள் வைத்தேன், 4 நொடியில் இடது மணிக்கட்டைக் கடித்தான், தாளை எடுத்தேன்" என்று எழுதுங்கள். அந்த மூன்றாம் பகுதிதான் காரணத்தைச் சொல்லும்: கடித்தால் தாள் போகிறது.

அப்படியென்றால் தாள் போவதற்கு வேறு வழி கொடுக்கணும். "போதும்" அட்டை. கடிக்குமுன், வேலையை வைத்த இரண்டாவது நொடியிலேயே, அட்டையை எடுக்கக் கையைப் பிடித்து உதவுங்கள். உடனே ஒரு நிமிடம் ஓய்வு. முதல் இரண்டு வாரம் 50 முறை கேட்டாலும் 50 முறையும் கொடுங்கள். இங்கேதான் பலரும் பொறுமை இழக்கிறார்கள், "அட்டை கொடுத்தே நாளை ஓட்டுகிறான்" என்று பறித்துவிடுகிறார்கள். அட்டை வேலை செய்யாது என்று தெரிந்தால் அவன் கைக்குத்தான் திரும்புவான். அட்டை பழகிய பிறகு "ஒரு மணி கோர்த்துவிட்டு, போதும்", அடுத்த வாரம் இரண்டு மணி. வேலையைப் பெரிதாக்குங்கள், ஓய்வைப் பறிக்காதீர்கள்.

கடிக்குப் பலன் கிடைக்காமல் போனதும் சில நாள் கடி கூடும். பழைய வழி ஏன் வேலை செய்யவில்லை என்று பலமாக முயல்வான். அந்த மூன்றாம் நாளில் பயந்து தாளை எடுத்தீர்களானால், இன்னும் பலமாகக் கடிக்கணும் என்று நீங்களே கற்றுக்கொடுத்ததாகும். தோல் கிழியும் அளவுக்குக் கடிப்பவன் என்றால் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம், உளவியலாளர் உடனிருக்கட்டும். கையைக் கட்டுவது, மிளகாய் தடவுவது இரண்டும் கொடுமை. யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

வலிப்பு உள்ள பிள்ளை: சில நொடி வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் திரும்பாவிட்டால் "கவனமில்லை" என்று குறிக்காதீர்கள். நேரம், எத்தனை நொடி என்று எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள், மருத்துவருக்கு அது பெரிய உதவி. வலிப்பு வந்து கை கால் வெட்டினால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே துணி, கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் ஸ்பூன் வேண்டாம், கையில் சாவிக்கொத்து வேண்டாம், தண்ணீர் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 108. ஆயாம்மாவுக்கும் வேன் டிரைவருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டீர்களா என்று சரிபாருங்கள்.

பெரம்பூர் அம்மா:

முறுக்கைக் காட்டி வேலை வாங்கறது எனக்கு ஒப்பலை. பிள்ளையைப் பழக்குற விதமா அது?

நடத்தைப் பயிற்சி, மடிப்பாக்கம்:

உங்கள் மனக்குறையை மதிக்கிறேன், அக்கா. தின்பண்டம் கடைசி வழியாகவே இருக்கணும். காலையில் 5 பொருளைப் பரப்பி எதை முதலில் எடுக்கிறான் என்று பாருங்கள். பல பிள்ளைகளுக்கு சுழலும் மூடி, பிசையும் மாவு, முதுகில் தட்டல் போதும். தின்பண்டம்தான் வேலை செய்கிறது என்றால் வேர்க்கடலையில் பாதி அளவு, மென்று விழுங்கத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும். வேர்க்கடலையையே கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். ஒவ்வொரு முறையும் பாராட்டைச் சேர்த்து, பிறகு 3க்கு ஒன்று, பிறகு 5 வில்லை ஒட்டினால் ஒன்று என்று குறைக்கணும். செப்டம்பரிலும் ஜூன் அளவே கொடுத்துக்கொண்டிருந்தால் அது ஆசிரியரின் தவறு. காலைச் சாப்பாட்டைப் பிடித்துவைத்துப் பசியில் வேலை வாங்குவது ஒருபோதும் கூடாது. உங்கள் கோபம் அதைப் பற்றியது என்றால் நானும் உங்கள் பக்கம்தான்.

தொழிற்பயிற்சி, அம்பத்தூர்:

18 வயதுப் பக்கத்திலிருந்து பார்க்கிறவன் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். எங்களிடம் வரும்போது மணி கோர்க்கத் தெரிந்திருக்கும், கழிப்பறைக் கதவைச் சாத்தத் தெரியாது. கதவு சாத்துவது, ஆடையைச் சரிசெய்துகொண்டு வெளியே வருவது, தெரிந்தவருக்குக் கை குலுக்கல், கட்டிப்பிடிப்பது வீட்டாரை மட்டும்: இவை 8 வயதில் தொடங்கணும். 8 வயதில் எல்லாரையும் கட்டிப்பிடிக்கும் பிள்ளையைக் கொஞ்சுகிறோம், 16 வயதில் அதே பிள்ளையை அடிக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் வருமுன்பே நாப்கினை உள்ளாடையில் ஒட்டிப் பழகவிடுங்கள், சிறிது நேரம் அணிந்து இருக்கட்டும். வந்த அன்று கற்பிக்க முயன்றால் பிய்த்து எறிவார்கள்.

பணம்: பிளாஸ்டிக் காசு வேண்டவே வேண்டாம். நிஜக் காசு, நிஜ நோட்டு. கூட்டிக் கணக்குப் போட வராத பிள்ளைக்கு "ஒரு நோட்டு கூட" முறை இருக்கிறது: கடைக்காரர் 23 ரூபாய் என்றால் இரண்டு பத்தும், மேலே இன்னொரு பத்தும் கொடுத்து மீதிக்குக் கை நீட்டி நிற்பது. பத்துகளை எண்ணத் தெரிந்தால் போதும். ஒரே அண்ணாச்சி கடையில் மட்டும் பழக்கினால் அந்தக் கடையில் மட்டும்தான் வாங்குவான். மூன்று கடை, மூன்று விதமான ஆட்கள். எல்லாக் கடையிலும் க்யூஆர் ஒட்டியிருந்தாலும் நோட்டு கொடுத்து வாங்கத் தெரிந்திருப்பதுதான் முதல் படி.

கிண்டிப் பக்கம்:

சான்றிதழ் வேலை சுருக்கமாக. யூ.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை இல்லாத பிள்ளைக்கு ஜூனிலேயே விண்ணப்பியுங்கள். குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலான உரிமைகள் திறக்கும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிவு 31-இன்படி அவர்களுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, அருகிலுள்ள பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பது அவர்கள் விருப்பம். சிறப்புப் பள்ளியில் இருக்கிற பிள்ளை வாழ்நாள் முழுக்க அங்கேயேதான் என்று இல்லை. ஓவியம், உடற்கல்வி நேரத்துக்குப் பக்கத்துப் பொதுப் பள்ளிக்கு அனுப்பும் ஏற்பாடு செய்தால் மாறுவது எளிது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் உண்டு, அவரோடு பேசுங்கள்.

பரிசோதனைக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனம், முட்டுக்காட்டில் நீப்மெட் (பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம்). மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு இரண்டுக்கும் பொருந்தும், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் பகுதி உண்டு. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்கு சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. விண்ணப்பம் தேர்வுக்கு வெகுமுன்பே போகணும். பெரம்பூர் அம்மாவுக்கு: என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு 5 பாடம், 5 ஆண்டுக்குள் 9 வாய்ப்பு, ஒரு பாடம் ஒரு பாடமாகவே முடிக்கலாம். 18 முடிந்ததும் சட்டப்படி பெற்றோர் தானாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான நேஷனல் டிரஸ்ட் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கணும்.

வேளச்சேரி வகுப்பறை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. திட்டத்தை இப்படி மாற்றியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் ஐந்து பிரிவு மட்டும் எம்.டி.பி.எஸ்., பொருள் கொடுத்து, மூன்று நாள். பெரிய மேசையை எடுத்தாயிற்று. கை கடிக்கும் பையனுக்கு ஏ.பி.சி. தாள், பல் பரிசோதனைக்கு வீட்டில் கேட்கிறேன். ஒரு பிள்ளைக்கு 4 இலக்கு. ஒன்று பேச்சு, ஒன்று தன் வேலை, ஒன்று படிப்பு, ஒன்று வீட்டில் கேட்டது. குறிக்கும் முறை: தானாகச் செய்தால் கூட்டல், சொல்லிச் செய்தால் சொ, காட்டிச் செய்தால் கா, கை பிடித்தால் கை. அக்டோபரில் மறுபார்வை.

அடையாறு சிறப்பாசிரியர்:

மறுபார்வைக்கு அக்டோபர் வரை காத்திருக்காதீர்கள். இரண்டு வாரம் தொடர்ந்து "கை" என்றே விழுந்தால் படி பெரிதாக இருக்கிறது என்று பொருள், அப்போதே உடையுங்கள். சட்டை போடுவதென்றால் கடைசிப் பொத்தானை மட்டும் அவனுக்கு விட்டு, பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். கடைசிப் படியைத் தானே முடிப்பதால் ஒவ்வொரு முறையும் "முடித்தேன்" என்ற நிறைவு அவனுக்குக் கிடைக்கும். "சொ" விழுவதிலும் கவனம்: வாயால் சொல்வதைத்தான் விலக்குவது கடினம். நீங்கள் "கழுவு" என்று சொன்னால்தான் குழாயைத் திறப்பான் என்றாகிவிடும். சொல்வதைவிடப் படத்தைக் காட்டுங்கள், பின்னாலிருந்து முழங்கையைத் தொடுங்கள்.

ஓ.டி. தாம்பரம்:

ஒன்று சேர்க்கணும். அக்டோபர், நவம்பரில் சில நாள் காலையில்தான் மழை விடுமுறை அறிவிப்பு வரும். சீருடை போட்டு ஷூ மாட்டிய பிறகு "ஸ்கூல் இல்லை" என்றால் அந்த வீடு அன்றைக்குப் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். "மாற்றம்" என்று ஓர் அட்டை செய்து, ஜூனிலிருந்தே வாரம் இரண்டு முறை அட்டவணையில் ஏதாவது ஒன்றை அவன் கண் முன்னே எடுத்துவிட்டு அந்த அட்டையை ஒட்டுங்கள். முதல் ஒரு மாதம் மாற்றம் எப்போதும் பிடித்த பக்கமே போகட்டும்: எழுத்து வேலைக்குப் பதில் ஊஞ்சல். ஆகஸ்டில் சாதாரண மாற்றம், செப்டம்பரில் கொஞ்சம் பிடிக்காத மாற்றம். அதே அட்டையின் இன்னொரு பிரதியும் "பள்ளி", "வீடு" படங்களும் பெற்றோர் கையில் செப்டம்பர் கடைசிக்குள் போய்ச் சேரணும்.

வேளச்சேரி வகுப்பறை:

இன்றே 10 பிரதி லேமினேட் செய்கிறேன் சார். 8 வீட்டுக்கு 8, வகுப்புக்கு ஒன்று, வேனில் ஒட்ட ஒன்று.